நூறு ரூபாய் பாஸும் முப்பது ரூபாய் பயணமும்

புனே விமான் நகரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். அம்மாவும் உடன் வந்திருந்தார். வயது 74. திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல்முறையாக மகாராஷ்டிரம் வந்தவர். அன்று சனிக்கிழமை. தகடுசேட் கணபதியையும் சனிவார் வாடாவையும் காட்டிவிட்டு வரலாம் என்று மகள் எங்களை ராம்வாடி மெட்ரோ நிலையத்துக்கு அழைத்துப் போனாள்.

"பாட்டி, 100 ரூபாய்க்கு நாள் பாஸ் இருக்கு. அத எடுத்துட்டா நாள் முழுக்க எங்க வேணா சுத்தலாம்" என்றாள்.

அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "நாம இன்னிக்கு எத்தன தடவ ஏறி எறங்கப் போறோம் கண்ணு?"

போக ஒன்று, வர ஒன்று. இரண்டு தடவை. மகள் செல்போனில் கட்டணத்தைத் தட்டிப் பார்த்தாள். வனாஸிலிருந்து ராம்வாடி வரை, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனாலே 30 ரூபாய். எங்கள் பயணம் அதைவிடக் குட்டையானது. சனி, ஞாயிறில் எல்லோருக்கும் 30 சதவீதத் தள்ளுபடி என்று 2023-ல் புனே மெட்ரோ அறிவித்திருக்கிறது. ஆகவே முனைக்கு முனை போகிறவருக்கே அன்று 21 ரூபாய்தான். போக வர 42. அதற்கு எதற்கு 100 ரூபாய் பாஸ்?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என் அம்மா. மகள் பொறியியல் படித்தவள், அந்த நகரத்திலேயே இரண்டு வருடமாக இருப்பவள். அவசரத்தில் அவள் பாஸ் எடுக்கத்தான் இருந்தாள். இதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புது ஊருக்குப் போகிற யாரும் செய்வதுதான் இது. பாஸ் என்று கேட்டாலே லாபம் என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. பள்ளி நாளில் பஸ் பாஸ், வேலைக்குப் போனதும் ரயிலில் சீசன் டிக்கெட். தினமும் ஒரே தடத்தில் போய் வருகிறவருக்கு அது லாபமேதான். இரண்டு நாள் வந்து தங்கிவிட்டுப் போகிற விருந்தாளிக்கு அது லாபமா என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கை நிலையத்தில் யாரும் நமக்குப் போட்டுக் காட்டுவதில்லை.

வார நாளில் 30 ரூபாய்ப் பயணத்தை மூன்று முறை போனால் 90. நான்காவது முறை ஏறும்போதுதான் 100 ரூபாய் பாஸ் கைகொடுக்கத் தொடங்கும். சனி, ஞாயிறில் நான்கு முறைக்கு 84. ஐந்தாவது முறையில்தான் லாபம். அதுவும் ஒவ்வொரு முறையும் தடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனால். நடுவில் நாலைந்து நிலையம் போய் இறங்குகிறவர் 10 ரூபாய், 15 ரூபாய் கொடுத்துக்கொண்டு ஆறு முறை ஏறினாலும் பாஸின் விலையை எட்டுவது கஷ்டம். ஆக, ஒரு நாளைக்கு நாலைந்து இடம் பார்க்கத் திட்டம் போட்டு, நகரத்தின் இரண்டு கோடியையும் தொடப் போகிறவருக்கு மட்டும்தான் அந்தப் பாஸ். மற்றவர்களுக்குத் தனி டிக்கெட்டே மேல். தமிழ்நாட்டிலிருந்து புனேக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

விமான் நகருக்கு அப்படிப் போகிறவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. புனேயில் தமிழர்கள் என்றால் ஒரு தலைமுறைக்கு முன் ராஸ்தா பேட்டை, கட்கி, ராணுவக் கண்டோன்மென்ட் பகுதிகள்தான் நினைவுக்கு வரும். இப்போது ஐ.டி. வேலைக்குப் போகிற பிள்ளைகள் விமான் நகர், கராடி, ஹிஞ்சேவாடி என்று பரவியிருக்கிறார்கள். விமான் நகர் என்ற பெயரே பக்கத்தில் இருக்கும் லோகேகாவ் விமான நிலையத்தால் வந்தது. சிம்பயாசிஸின் கல்லூரிகள் சில அங்கே இருக்கின்றன. சேர்க்கைக் காலத்தில் நாடு முழுவதிலிருந்தும் பெற்றோர் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். பீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி என்ற பெரிய வணிக வளாகம் இருக்கிறது. ஆகவே இங்கே எந்த நாளும் ஊர் தெரியாத சிலர் கையில் செல்போனை வைத்துக்கொண்டு வழி கேட்டபடி நிற்பார்கள்.

ஆனால் விமான் நகருக்குள் மெட்ரோ இன்னும் வரவில்லை. புனே மெட்ரோ 2022 மார்ச் 6 அன்று 12 கிலோமீட்டரோடு தொடங்கியது. 2024 மார்ச் 6 அன்று ராம்வாடி வரை நீண்டது. அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று மாவட்ட நீதிமன்ற நிலையத்திலிருந்து ஸ்வார்கேட் வரையிலான சுரங்கப் பாதை திறந்தது. வனாஸ் - ராம்வாடி தடத்துக்கு நீலப்பச்சை நிறம். அக்குவா லைன் என்கிறார்கள். பிம்ப்ரி - சிஞ்ச்வட் - ஸ்வார்கேட் தடம் ஊதா. விமான் நகர்க்காரர்களுக்கு மெட்ரோ என்றால் நகர் சாலையில் தூண்களின் மேல் நிற்கும் ராம்வாடி நிலையம்தான். வீட்டிலிருந்து அங்கே போக ஒரு ஆட்டோவோ பஸ்ஸோ வேண்டும்.

இங்கேதான் டிக்கெட்டின் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. புனேயில் 2022-ல் நிர்ணயித்த ஆட்டோ மீட்டர் கட்டணம் முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 17. இரண்டு கிலோமீட்டர் ஆட்டோவில் வந்தால் 33 ரூபாய்க்கு மேல். அதாவது, நிலையத்துக்கு வந்து சேர்வதற்கே முழு நகரத்தையும் மெட்ரோவில் கடக்கும் காசைவிட அதிகம் ஆகிவிடுகிறது. விருந்தாளி மெட்ரோ டிக்கெட்டில் ஐந்து ரூபாய் மிச்சம் பிடிப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஆட்டோவில் போக வர 67 ரூபாய் போயிருக்கும்.

பஸ்ஸில் போகலாம். புனேயின் நகரப் பேருந்துகளை நடத்துவது பி.எம்.பி.எம்.எல். என்ற நிறுவனம். புனே, பிம்ப்ரி - சிஞ்ச்வட் இரண்டு மாநகராட்சிகளின் பேருந்துக் கழகங்களையும் 2007-ல் ஒன்றாக்கி உருவாக்கியது. 2025 ஜூன் 1 முதல் அதன் கட்டணம் உயர்ந்தது. ஐந்து கிலோமீட்டர் வரை 10 ரூபாய், பத்து வரை 20, பதினைந்து வரை 30. இரண்டு மாநகராட்சி எல்லைக்குள்ளும் சுற்றும் நாள் பாஸ் 70 ரூபாய். அதற்கு முன்பு புனே எல்லைக்குள் மட்டும் 40 ரூபாய்க்கு நாள் பாஸ் இருந்தது. மாதப் பாஸ் 900-லிருந்து 1,500 ஆனது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் "புடே சலா, புடே சலா" என்று உள்ளே தள்ளிக்கொண்டே போவார். நம் ஊரில் "உள்ள போ, உள்ள போ" என்பதுதான் அது. "சுட்டே" என்று கேட்டால் சில்லறை என்று பொருள். இந்த இரண்டு மராத்திச் சொற்களைத் தெரிந்துகொண்டு போனால் புனே பஸ்ஸில் பாதி வேலை முடிந்தது.

மெட்ரோவுக்கு ஒரு நாள் பாஸ் 100 ரூபாய். பஸ்ஸுக்கு ஒரு நாள் பாஸ் 70 ரூபாய். மெட்ரோ பாஸைக் காட்டி பஸ்ஸில் போக முடியாது. பஸ் பாஸைக் காட்டி மெட்ரோக் கதவைத் திறக்க முடியாது. ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவருக்கோ இரண்டும் வேண்டும். விமான் நகரிலிருந்து பஸ்ஸில் ராம்வாடி, அங்கிருந்து மெட்ரோ, இறங்கிய இடத்திலிருந்து மறுபடி பஸ் என்பதுதான் ஒரு முழுப் பயணம். இரண்டு பாஸும் சேர்ந்தால் 170 ரூபாய். அந்தக் காசுக்குத் தனித்தனி டிக்கெட்டாக எடுத்து இரண்டு நாள் ஓட்டிவிடலாம். பயணிக்குப் பயணம் ஒன்றுதான். நிர்வாகம் இரண்டாக இருப்பதற்கு அவர் ஏன் இரண்டு முறை பணம் கட்ட வேண்டும்?

ஆப்லி பி.எம்.பி.எம்.எல். என்ற செயலியில் பஸ் டிக்கெட்டோடு மெட்ரோ டிக்கெட்டும் எடுக்கலாம் என்பது நல்ல தொடக்கம். ஆனால் ஒரே கடையில் இரண்டு டிக்கெட் விற்பது வேறு, ஒரே டிக்கெட்டில் இரண்டிலும் போவது வேறு. சென்னையிலும் இதே கதைதான். 2025 செப்டம்பரில் தொடங்கிய சென்னை ஒன் செயலி மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் தருகிறது. நாட்டிலேயே முன்னோடி முயற்சி. மனமாரப் பாராட்டலாம். அடுத்த படியாக, மூன்றும் சேர்ந்த பயணத்துக்குக் கட்டணமும் குறைய வேண்டும். ஒரே டிக்கெட் என்ற சொல்லுக்கு அப்போதுதான் முழு அர்த்தம் வரும்.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். 2019 மார்ச்சில் அகமதாபாத்தில் பிரதமர் தொடங்கிவைத்தது தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டை. ஒரே கார்டு, நாடு முழுக்க எந்த மெட்ரோவிலும் பஸ்ஸிலும் தட்டிவிட்டுப் போகலாம் என்பது நோக்கம். சென்னையின் சிங்காரச் சென்னை அட்டை, புனேயின் ஒன் புனே கார்டு இரண்டும் அந்த வகைதான். சிங்காரச் சென்னை அட்டை 2023-ல் மெட்ரோவில் தொடங்கியது. 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துக்கும் வந்தது. சென்னைக்காரர் அந்த அட்டையோடு புனேக்குப் போய் வரிசையில் நிற்காமல் நுழையலாம் என்பதுதான் திட்டத்தின் அழகு.

ஆனால் இந்த அட்டைகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாங்குகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு அது தெரியாது என்று தயங்காமல் சொல்வேன். ஓர் அட்டைக்குள் இரண்டு இருப்புகள் உண்டு. வங்கிக் கணக்கில் இருக்கும் பணம் ஒன்று. அட்டையின் சிப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் பணம் இன்னொன்று. மெட்ரோக் கதவு சிப்பில் இருப்பதை மட்டும்தான் எடுக்கும். வங்கியைக் கேட்டுப் பதில் வரக் காத்திருந்தால் வரிசை தேங்கிவிடும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடு. வீட்டில் உட்கார்ந்து செல்போனில் பணம் ஏற்றினால் அது முதலில் கணக்கில்தான் சேரும். நிலையத்தில் இருக்கும் இயந்திரத்தில் அட்டையை ஒரு முறை வைத்துப் புதுப்பித்த பிறகே சிப்புக்குள் இறங்கும். சிப்பில் வைத்திருக்கக்கூடியது அதிகபட்சம் 2,000 ரூபாய்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பெருநகரத்தின் மெட்ரோவில், முந்தின இரவு 500 ரூபாய் ஏற்றிவிட்டு நிம்மதியாகப் போய்க் கதவில் தட்டினேன். சிவப்பு விளக்கு. மறுபடி தட்டினேன். மறுபடியும் சிவப்பு. என் செல்போனில் 'வெற்றிகரமாகப் பணம் செலுத்தப்பட்டது' என்ற குறுஞ்செய்தி இருக்கிறது. பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். அலுவலகத்துக்குப் போகும் நேரம். பின்னால் நின்ற ஒரு பையன்தான், "சார், அந்த மெஷின்ல ஒரு தடவ வெச்சு அப்டேட் பண்ணணும்" என்று சொல்லிக்கொடுத்தான். இதைச் சொல்லும் பலகை ஒன்றையும் அந்த நிலையத்தில் நான் காணவில்லை. காசு கட்டியவன் திருடனைப் போல ஓரமாக நகர்ந்து நின்ற அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த எனக்கே இப்படி என்றால் அம்மாவைப் போன்றவர்களுக்கு?

சிங்கப்பூரில் நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பழைய ஈசி-லிங்க் அட்டையில் கதவருகே தட்டினால் எவ்வளவு பிடித்தார்கள், மீதி எவ்வளவு என்று திரையில் தெரியும். புதிய சிம்ப்ளிகோ முறையில் கணக்கு பின்னணியில் நடப்பதால் அது கதவில் தெரியாது, செயலியில்தான் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில், வயது வந்தோரின் பழைய அட்டைகள் அந்த ஆண்டு ஜூன் முதல் செல்லாது, எல்லோரும் புதியதற்கு மாறுங்கள் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. மக்கள் கொதித்துப் போனார்கள். எங்கள் மீதிக் காசு எங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. இரண்டு வாரத்துக்குள் அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. பழைய முறையையும் தொடர்ந்து நடத்த 4 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதலாகச் செலவாகும் என்று போக்குவரத்து அமைச்சரே சொன்னார். சொல்லிவிட்டுத் தொடர்ந்து நடத்தினார். இத்தனைக்கும் அது செல்போன் இல்லாத கை இல்லாத ஊர். அங்கேயே, தன் காசைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற சாதாரண மனிதனின் ஆசைக்கு அரசு இடம் கொடுத்தது.

நம் கிராமத்துப் பஸ்ஸில் இந்தப் பிரச்சினை வந்ததே இல்லை. அங்கே ஒரு கண்டக்டர் இருக்கிறார். 2021-ல் விடியல் பயணம் வந்த பிறகு அம்மா டவுன் பஸ்ஸில் காசு கொடுப்பதில்லை. ஒருநாள் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டார். கண்டக்டர் சீட்டைக் கிழிக்கவில்லை. "ஆத்தா, இது காசு பஸ்ஸு. பின்னாலயே பொம்பளைங்க பஸ்ஸு வருது, எறங்கி அதுல வா" என்று வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டார். பயணிக்கு எது லாபம் என்று பார்த்துச் சொல்கிற மனிதர் அவர். கட்டணப் பட்டியல், வழித்தடப் படம், விசாரணை அறை எல்லாமே தோளில் பை மாட்டிய அந்த ஓர் ஆளிடம் இருந்தன. மெட்ரோவில் அவர் இடத்துக்கு இயந்திரத்தைக் கொண்டுவந்தோம். டிக்கெட் கொடுக்கும் வேலையை அது ஏற்றுக்கொண்டது. "உனக்கு இது வேண்டாம், அது போதும்" என்று சொல்லும் வேலையை இன்னும் ஏற்கவில்லை.

அதை ஏற்க வைக்கலாம். லண்டனில் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே ஆய்ஸ்டர் அட்டை 2003-ல் வந்தது. 2014 முதல் சுரங்க ரயிலில் சாதாரண வங்கி அட்டையையே தட்டிவிட்டுப் போகலாம். பயணி எந்தப் பாஸையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. காலையிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் காசு பிடித்துக்கொண்டே வருவார்கள். கூட்டுத் தொகை அன்றைய உச்சவரம்பைத் தொட்டதும் பிடிப்பது நின்றுவிடும். அதற்குப் பிறகு எத்தனை முறை ஏறினாலும் இலவசம். பஸ்ஸில் போனதும் ரயிலில் போனதும் ஒரே கணக்கில் சேரும். இரண்டே முறை போனவர் இரண்டு முறைக்கு மட்டும் கட்டுவார். பத்து முறை போனவர் பாஸ் விலைக்கு மேல் கட்டமாட்டார். முதல் நாள் லண்டனில் இறங்கிய விருந்தாளியும் முப்பது வருடம் அங்கே வாழ்ந்தவரும் அந்தக் கதவின் முன்னால் சமம். நியூயார்க்கும் அந்த வழிக்கு வந்துவிட்டது. 1990-களில் வந்து அந்த நகரத்தின் அடையாளமாகவே ஆகிப்போன மஞ்சள் நிற மெட்ரோகார்டின் விற்பனையை 2025 டிசம்பர் 31-ஓடு நிறுத்தி, வாராந்திர உச்சவரம்பு உள்ள தட்டும் முறைக்கு மாறினார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். பாஸ் எடுப்பதா, டிக்கெட் எடுப்பதா என்ற கணக்கை ஊருக்குப் புதிதாக வந்தவர் தலையில் கட்டக் கூடாது. அன்றைக்கு எத்தனை முறை பயணம் செய்வோம் என்று காலை எட்டு மணிக்கு அவருக்கு எப்படித் தெரியும்? மழை வரலாம். முழங்கால் வலிக்கலாம். சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லலாம். இரவு எட்டு மணிக்கு இயந்திரத்துக்கு அது தெரியும். தெரிந்த இயந்திரம் கணக்குப் போடட்டும்.

வருமானம் போய்விடும் என்பார்கள். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் நகரத்தைக் குறுக்கே கடக்கிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த ரயில் ஓடத்தான் போகிறது. மாறாக, இங்கே எவ்வளவு சுற்றினாலும் நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது என்ற உறுதி கிடைத்தால் ஆட்டோவிலும் வாடகைக் காரிலும் போகிற குடும்பம் ரயிலுக்கு வரும். தொழில்நுட்பம் கஷ்டம் என்பார்கள். தேசியப் பொது அட்டையின் சிப்புக்குள் அந்தந்த நகரத்தின் பாஸ் விவரத்தை எழுதி வைக்க இடம் விட்டேதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். இடம் இருக்கிறது. எழுதுவதற்கு மனம் வேண்டும்.

காசு கொடுத்துக் காகித டிக்கெட் எடுக்கிறவர்களையும் இதில் விட்டுவிடக் கூடாது. அவர்களுக்கு உச்சவரம்பு பொருந்தாது. அவர்களுக்குக் கவுண்டரில் ஓர் ஆள் வேண்டும். அந்தத் திருவாரூர்க் கண்டக்டரைப் போல, "போயிட்டு வரத்தான்னா பாஸ் வேண்டாம், டிக்கெட்டே போதும்" என்று சொல்கிற ஆள். கவுண்டரில் இல்லாவிட்டாலும், அந்தக் குணம் உள்ள ஒருவரை ராம்வாடியில் நான் பார்த்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

திரும்பி வந்து வெளியே போகும் கதவில் நின்றோம். அம்மா தன் டிக்கெட்டைத் தேடினார். பஸ்ஸில் போகும் வழக்கத்தில் அதை நான்காக மடித்து, சுருக்குப்பைக்குள் வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவில் வைத்திருந்தார். எடுத்து நீட்டியபோது கியூஆர் கட்டத்தின் குறுக்கே இரண்டு மடிப்பு. ஓரத்தில் சுண்ணாம்புக் கறை. கதவுக்கு அது புரியவில்லை. அங்கே நின்ற காவலர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, "ஆஜி, த்யா" என்று கையை நீட்டினார். மராத்தியில் ஆஜி என்றால் பாட்டி. சீட்டை வாங்கித் தன் தொடையில் வைத்துக் கட்டைவிரலால் இரண்டு முறை நீவினார். கறையை நகத்தால் சுரண்டினார். கண்ணாடியின் மேல் கவிழ்த்துப் பிடித்தார். கதவு திறந்தது. அம்மா அவரைப் பார்த்து, "நல்லா இருப்பா" என்றார். அவரும் புரிந்ததுபோல் தலையசைத்தார்.

ராம்வாடியிலிருந்து மெட்ரோவில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காகித டிக்கெட் எடுத்தால் மடிக்காதீர்கள். இறங்கும் நிலையத்தில் அது மறுபடி வேண்டும். தகடுசேட் கோயிலுக்கும் சனிவார் வாடாவுக்கும் கஸ்பா பேட் நிலையத்தில் இறங்கலாம். அதற்கு மாவட்ட நீதிமன்ற நிலையத்தில் நீலப்பச்சைத் தடத்திலிருந்து ஊதாத் தடத்துக்கு மாற வேண்டும். ஒன்று தூண்மேல் ஓடுவது, மற்றொன்று தரைக்குக் கீழே 33 மீட்டர் ஆழத்தில் இருப்பது. நகரும் படிக்கட்டுகளில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பயந்துபோய் நடுவில் வெளியே போகும் கதவைத் தாண்டிவிடாதீர்கள். கடைசி நிலையம் வரை டிக்கெட் எடுத்திருந்தால் அதே டிக்கெட்தான். மாறும் இடத்தில் புதிதாக எடுக்க வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் லிஃப்டைத் தேடிப் போங்கள். ஆகா கான் மாளிகைக்கு மெட்ரோவே வேண்டாம். விமான் நகரிலிருந்து நகர் சாலையில் கொஞ்ச தூரம்தான். 1942 ஆகஸ்டிலிருந்து 1944 மே வரை காந்தியைச் சிறைவைத்த இடம் அது. கஸ்தூரிபா காந்தியின் உயிர் 1944 பிப்ரவரி 22 அன்று அங்கேதான் பிரிந்தது. அவருடைய சமாதி அங்கே இருக்கிறது. எங்களுடைய இரண்டு நாளில் அம்மா அதிக நேரம் நின்றது அந்தச் சமாதிக்கு முன்னால்தான். விமானத்தில் வருகிறவர்கள், விமான நிலையத்துக்கும் ராம்வாடிக்கும் நடுவே ஓடும் இணைப்புப் பேருந்தைக் கேட்டுப் பாருங்கள். சென்னையில் விமான நிலையத்திலேயே மெட்ரோ ஏறிவிடலாம். புனேயில் அந்த வசதி இன்னும் இல்லை.

வரப்போகிறது என்று நம்ப இடமிருக்கிறது. ராம்வாடியிலிருந்து வாகோலியைத் தாண்டி விட்டல்வாடி வரையும், மறுபுறம் வனாஸிலிருந்து சாந்தனி சௌக் வரையும் மெட்ரோவை நீட்ட 2025 ஜூன் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இரண்டும் சேர்ந்து 12.75 கிலோமீட்டர், 13 நிலையங்கள், 3,626 கோடி ரூபாய். நான்கு ஆண்டில் முடிக்க வேண்டும் என்பது இலக்கு. ராம்வாடிக்கு அடுத்த நிலையத்தின் பெயர் விமான் நகர்.

அந்த நிலையத்தின் தூண் எழும்போதே டிக்கெட் முறையையும் திருத்திவிடுங்கள் என்று புனே மெட்ரோவையும் பி.எம்.பி.எம்.எல்.லையும் கேட்டுக்கொள்கிறேன். நம் சென்னை மெட்ரோவையும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தையும் அதே அளவு அழுத்தத்தோடு கேட்கிறேன். சென்னைக்கு வருகிற மராத்தியப் பாட்டிக்கும் இதே சிக்கல்தானே? டிக்கெட் கவுண்டருக்கு மேலே, எட்டடி தூரத்திலிருந்து படிக்கும்படி, அந்த ஊர் மொழியிலும் வந்துபோகிறவர்களுக்குத் தெரிந்த மொழிகளிலும் ஒரே ஒரு வரி எழுதிவையுங்கள்: 'பஸ்ஸிலும் ரயிலிலும் சேர்த்து, இன்று நீங்கள் எத்தனை முறை பயணம் செய்தாலும் 100 ரூபாய்க்கு மேல் பிடிக்கமாட்டோம்.'